மேற்கையில் கட்டிய காப்பு

1

அம்மன் அருளால் இந்த வருடக் கேதார கௌரி விரதமும் நல்லபடி நிறைவேறிவிட்டது. எங்கள் கோயில் ஜேர்மனியில் ஆஹென் நகரத்தின் ஓரத்தில், டயர் விற்கிற கடைக்கும் தளபாடக் களஞ்சியத்துக்கும் நடுவில், வாடகை மண்டபம் ஒன்றில் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் கோயில் என்று சொல்லமாட்டீர்கள். உள்ளே கால் வைத்தால் கற்பூர வாசமும் அம்மன் முகமும். எனக்கு அது போதும்.

காப்புக் கட்டுகிற வரிசையில் என் மனைவி மலரும் மகள் ஆரணியும் எனக்கு முன்னால் நின்றார்கள். பெண்களுக்கு இடது மணிக்கட்டில், ஆண்களுக்கு வலது மணிக்கட்டில் என்பது ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலர் கையை நீட்டினாள், ஐயர் கட்டினார். அடுத்தது ஆரணி. அவள் மணிக்கட்டை நீட்டவில்லை. பஞ்சாபிச் சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். ஐயரும் ஒன்றும் கேட்கவில்லை. தட்டின் ஓரத்தில் தனியாகச் சுற்றி வைத்திருந்த நீளமான நூலை எடுத்து, முழங்கைக்கு மேலே, தோளுக்குக் கீழே, சுற்றிக் கட்டினார்.

பின்னால் நின்ற ஒரு அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மலர், பிள்ளைக்கு மேல்கையில கட்டுவிக்கிறியள்? உது எந்த ஊர் முறை?"

"எங்கட வீட்டு முறை அக்கா."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அங்க கட்டினாத்தான் பிள்ளைக்குத் தண்ணி உள்ளுக்கு வராது."

அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் கற்பூரத் தட்டைப் பார்த்தேன். வரிசையில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால்தான் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஆரணி இங்கே பிறந்தவள். நாள் நிறைய முன்னமே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கை அளவில் கிடந்தாள். பெட்டியின் பக்கத்தில் வட்டமாக ஒரு துவாரம் இருக்கும். அதற்குள்ளால் கையை விட்டுத்தான் மலர் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பாள், சூடு இருக்கிறதா என்று. அந்த வருடம் தொடங்கியதுதான் மலருடைய கௌரி விரதம். பிள்ளை வீட்டுக்கு வந்தாள், நடந்தாள், ஓடினாள், இப்போது என்னைவிட உயரம். மலர் ஒரு வருடம் விரதத்தை விட்டதில்லை. பிள்ளையின் கையில் இருக்கிற அந்த மஞ்சள் நூலை ஒருநாளும் அறுக்க விட்டதுமில்லை. அடுத்த வருடக் காப்பு ஏறும்வரைக்கும் பழையது கையில் இருக்கவேண்டும். குளிக்கும்போதும், பள்ளிக்கூடத்திலும், பல் வைத்தியரின் கதிரையிலும்.

இங்கே வளர்கிற பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். என் பிள்ளை கெட்ட பிள்ளை அல்ல. ஆனால் அறைக் கதவுக்குப் பின்னால் தொலைபேசியில் ஜேர்மன் மொழியில் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று எனக்கு விளங்காது. கோயிலுக்கு வருவாள், தேவாரம் பாடுவாள், பாடி முடிந்ததும் கண் கைபேசிக்குப் போகும். எங்கேயோ மெல்ல மெல்லத் தள்ளிப் போகிறாள் என்று மனசுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்லப் பயம்.

அப்படி இருக்கிற நேரத்தில், பதினாறு வயதில், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்:

"அப்பா, நான் வள்ளம் விடப் பழகப்போறன். கிளப்பில சேரோணும். நீங்கள் சைன் வைக்கோணும்."

மலர் கறி அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட சனம் வள்ளத்தில ஏறினது உயிர் தப்ப. இவ விளையாட ஏறப்போறாவாம்."

"அம்மா, இது கயாக். சின்ன வள்ளம். ஒரு ஆள்தான் இருக்கலாம்."

"இன்னும் நல்லது. தனியச் சாகலாம்."

"ஐயோ அம்மா!"

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் தாய் தகப்பன் கையெழுத்து இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. சம்மதக் கடிதம், நீச்சல் தெரியும் என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் எடுத்த பதக்கத்தின் பிரதி, வைத்தியரிடம் டெர்மின், அதுதான் நேரம், எடுத்து இருதயம் சரி என்று ஒரு துண்டு. இந்த நாட்டில் தண்ணீரில் இறங்குவதற்கும் அன்ட்ராக் என்று விண்ணப்பம் எழுதவேண்டும் என்று மலரிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து நான் கையெழுத்து வைத்தேன். பிள்ளை கேட்ட குரல் அப்படி.

3

நான் தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவன். தென்மராட்சியில், கடலில் இருந்து உள்ளுக்குத் தள்ளிப் பிறந்தவன். கிணற்றடியில் வாளியால் குளித்தது தவிர வேறு நீச்சல் இல்லை. என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வள்ளத்தில் ஏறினேன். அது சண்டைக் காலம். பாதை அடைபட்டுக் கிடந்தது. வெளியே போகிறவர்கள் எல்லாரும் கிளாலியில் கடலேரியைக் கடந்துதான் போனார்கள்.

பைகளுக்கு வள்ளத்தில் இடமில்லை என்று முதலே சொல்லிவிட்டார்கள். அதனால் எங்கள் அம்மா எனக்கு இரண்டு காற்சட்டை, இரண்டு சேட்டு, அதற்கு மேலே ஒரு தடித்த சேட்டு எல்லாவற்றையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உடுத்திவிட்டா. போகிற இடத்தில் மாற்றிக் கட்ட வேண்டுமே. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் இரண்டு மூன்று சேலையைச் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். ஒருவருக்கும் மிதவை அங்கி கிடையாது. அம்மனை, எங்கள் அம்மாளாச்சியைக் கூப்பிட்டுக்கொண்டு போனோம். அவ கரை சேர்த்தா. அன்றைக்கு வள்ளம் புரண்டிருந்தால் அந்த மூன்று சேட்டுமே எங்களைக் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்பது எனக்குப் போன வருடம்தான் விளங்கியது. எங்களுக்கு உடுப்பு என்றால் கொண்டுபோகிற சாமான். தண்ணீருக்கென்று உடுக்கலாம் என்று யார் நினைத்தார்கள்?

இங்கே எனக்கு வேலை உணவுக் களஞ்சியத்தில், குளிர் அறையில். உறைந்த கோழியும் மரக்கறியும் அடுக்குகிற வேலை. அதனால் குளிரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்று ஒரு எண்ணம் இருந்தது. கோடை முழுக்க ஆரணி அரைக் காற்சட்டையோடு வள்ளம் விட்டாள், படம் காட்டினாள். இலை உதிரத் தொடங்கியதும் சரி, இனி வள்ளத்தை மூடி வைப்பார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

"இல்லை அப்பா. குளிர்காலத்திலயும் போவம். இந்த ஞாயிறு நனையிற நாள். நீங்கள் கூட்டிக்கொண்டு போகோணும்."

"நனையிற நாளோ? அதென்ன நாள்?"

"வந்து பாருங்கோவன்."

நான் சும்மா போகவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போய், நல்ல தடித்த பருத்திப் பெனியன் இரண்டு வாங்கி வைத்தேன். உடம்புக்குப் பருத்தியைப் போல வருமா?

4

ஆஹெனுக்குத் தெற்கே மலைக்குள் ஒரு அணைக்கட்டு ஏரி. அன்று நல்ல வெயில். கரையில் சனங்கள் மேற்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றபடி நடக்கிறார்கள். அந்த வெயிலுக்குள் ஆரணியின் கிளப் ஆட்கள் சந்திரனுக்குப் போகிறவர்களைப் போல் உடுத்திக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இளையவர்களைப் பழக்குகிறவர் பெயர் ஹைகே. என் வயது இருக்கும் ஒரு பெண்மணி. கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சம்பளம் இல்லாமல் இந்தப் பிள்ளைகளோடு தண்ணீரில். நான் போய்க் கைகொடுத்து, என் பயத்தை எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். ஹைகே கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார். ஆரணி முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன பிள்ளை?"

"அப்பா, நீங்கள் 'மகள் தாழுறாள் எண்டு பயம்' எண்டு சொல்ல வெளிக்கிட்டு, 'மகள் குடிக்கிறாள் எண்டு பயம்' எண்டு சொல்லிப்போட்டீங்கள். ஜேர்மனில ரெண்டும் கிட்டக் கிட்டச் சொல். அவ சொல்லுறா, இங்க தேத்தண்ணி மட்டும்தானாம் குடுக்கிறது."

ஹைகேயும் சிரித்தார், நானும் சிரித்தேன். அதோடு எங்களுக்குள் இருந்த கூச்சம் போய்விட்டது.

நான் பருத்திப் பெனியன் பையை நீட்டினேன். அவர் எடுத்துப் பார்த்து, தடவி, மடிப்புக் குலையாமல் திரும்பப் பைக்குள் வைத்தார். ஆரணி மொழிபெயர்த்தாள்: "வீட்டில போட நல்லதாம். தண்ணிக்கு வேண்டாமாம். பருத்தி நனைஞ்சா ஈரத்தை விடாது, உடம்போட ஒட்டிக்கொண்டு சூட்டை எடுத்துப்போடுமாம். உள்ளுக்கு மெல்லிய கம்பளிதான் போடோணுமாம்."

"இண்டைக்கு இவ்வளவு வெயில் எறிக்குதே, கேள் பிள்ளை."

 ஹைகே என்னைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சேட்டுக் கையை மடித்து, கையை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். வைத்தேன். முதலில் ஊசி குத்துகிற மாதிரி. பிறகு எலும்புக்குள் ஒரு வலி. குளிர் அறையில் இத்தனை வருடம் நின்றவன் நான், இந்த மாதிரிக் குளிரை அறியேன். அவர் போதும் என்றதும் கையை எடுத்தேன்.

"இப்ப உங்கட சேட்டுப் பொத்தானைப் போடட்டாம்," என்றாள் ஆரணி.

விரல்கள் என்னுடையவை அல்ல. பொத்தான் தெரிகிறது, துளை தெரிகிறது, விரல் போகமாட்டேன் என்கிறது. ஹைகேதான் பூட்டிவிட்டார்.

"வெயில் மேலதான். நாங்கள் வெயிலுக்கு உடுக்கிறேல்லை, விழுந்தா விழப்போற தண்ணிக்கு உடுக்கிறம் எண்டு சொல்லுறா. குளிர் தண்ணிக்குள்ள விழுந்தா முதல்ல மூச்சைத்தான் பிடுங்குமாம். வாயைத் திறந்து ஒரு இழுவை இழுப்பம், அப்ப தலை கீழ இருந்தா..." ஆரணி அதோடு நிறுத்திவிட்டாள்.

நான் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அவர்கள் உடுப்பதை நின்று பார்த்தேன். நாங்கள் பூசைக்கு ஆயத்தப்படுகிற மாதிரி, ஒவ்வொன்றும் முறைப்படி. உள்ளே மெல்லிய கம்பளி, மேலும் கீழும். அதற்கு மேலே பஞ்சு போன்ற மென்மையான ஒரு உடுப்பு. அதற்கு மேலேதான் அந்த உலர் உடுப்பு: காலுறை முதல் கழுத்து வரை ஒரே துண்டு, தண்ணீர் புகாத துணி, நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பூட்டுகிற சிப்பு. கழுத்திலும் இரண்டு மணிக்கட்டிலும் பலூன் மாதிரி மெல்லிய ரப்பர் பட்டி. அது தோலோடு ஒட்டிப் பிடிக்கும். போட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் கழுத்துப் பட்டியை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு, முழங்காலைக் கட்டிப்பிடித்துக் குந்துகிறார்கள். உள்ளே இருக்கிற காற்று உஸ் என்று வெளியே போகும். காற்று உள்ளே தங்கினால் விழுந்தவுடன் கால்மாடு மேலும் தலை கீழுமாக மிதக்குமாம். பிறகு மிதவை அங்கி, ரப்பர்த் தொப்பி, கையுறை, விசில்.

அதோடு முடியவில்லை. ஒருவரை ஒருவர் பரிசோதிக்கிறார்கள். உன் கழுத்து, உன் கை, உன் சிப்பு, உன் பட்டி என்று தொட்டுத் தொட்டு. ஹைகே எல்லாரையும் பார்த்தார். ஹைகேயை யார் பார்த்தது தெரியுமா? என் மகள். பதினாறு வயதுப் பிள்ளை, அந்த மனுசியின் கழுத்துப் பட்டியைச் சுற்றி விரலை ஓட்டி, "சரி" என்றாள். 

5

நனைகிற நாள் என்றால் இதுதான்: குளிர்காலத்து முதல் ஓட்டத்துக்கு முன்னம், எல்லாரும் உடுத்தபடி கரையோரத் தண்ணீருக்குள் கழுத்துவரை இறங்கி, மிதந்து, எழும்பி வரவேண்டும். எத்தனை வருடம் பழகினவராக இருந்தாலும் விலக்கு இல்லை. வெளியே வந்ததும் உலர் உடுப்பை இடுப்புவரை கழற்றுவார்கள். ஹைகே உள்ளே இருக்கிற கம்பளியைத் தன் கையால் தடவிப் பார்ப்பார். காய்ந்திருந்தால் வள்ளத்துக்குப் போகலாம்.

ஆரணியின் குழுவில் ஐந்து பிள்ளைகள். நான்கு பேர் காய்ந்து வந்தார்கள். ஆரணியின் இடது கை முழங்கைவரை நனைந்திருந்தது.

ஹைகே உலர் உடுப்பின் கையை வெயிலில் பிடித்துக் கிழிசல் தேடினார். இல்லை. ரப்பர்ப் பட்டியை இழுத்துப் பார்த்தார். நல்லது. பிறகு ஆரணியின் மணிக்கட்டைத் திருப்பினார். அங்கே இருந்தது கௌரி காப்பு. முந்தின கிழமைதான் கட்டினது, முடிச்சு முடிச்சாக.

அவர் சொல்ல முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் குளிர் அறைக் கதவின் ரப்பருக்குள் ஒரு கடதாசித் துண்டு அகப்பட்டாலும் காலமையில் அந்த இடத்தில் பனிக்கட்டி பிடித்திருக்கும். ரப்பர் தோலோடு சுற்றிவர ஒட்டவேண்டும். நடுவில் ஒரு நூல், அதில் ஒரு முடிச்சு இருந்தால் அது வாய்க்கால். தண்ணீர் அதால் வரும். இங்கே பிறந்த மற்றப் பிள்ளைகளுக்கு இந்தப் பிழை வராது. எங்கள் பிள்ளைக்குத்தான் வரும்.

"ஹைகே, இதென்ன எண்டு கேட்டவ," என்றாள் ஆரணி, அன்று பின்னேரம் வீட்டில் தாயிடம். நாங்கள் மூன்று பேரும் குசினியில் நின்றோம். "அம்மா எனக்காக விரதம் இருந்து கட்டினது எண்டு சொன்னன்."

"அதுக்கு?"

"அப்ப அவ, நான் இதை வெட்டமாட்டன் எண்டு சொன்னா. ஆனா இதோட தண்ணிக்கும் விடமாட்டன், வீட்டில கதைச்சிட்டு வா எண்டா."

"மற்றப் பிள்ளையள் போச்சினமோ?"

நான்தான் சொன்னேன். "இல்லை மலர். ஒராள் நனைஞ்சா அந்தக் குழுவே போகாதாம், அதுதான் அவையின்ர முறை. அஞ்சு வள்ளத்தையும் திரும்ப ஏத்திக் கட்டினவை. ஒரு பிள்ளை முகத்தைச் சுளிக்கேல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டு, வாற ஞாயிறு எண்டு சொல்லிப்போட்டுப் போகுதுகள். எங்கட ஆக்களெண்டா, அவளை விட்டிட்டு நாங்கள் போவம் எண்டிருப்பம்."

மலர் அடுப்பை நிறுத்தினாள். "அப்ப போகவேண்டாம். பிரச்சினை முடிஞ்சுது."

"அம்மா, நான் அறுக்கிறதெண்டா அங்கயே அறுத்திருப்பன். ஹைகேயிட்டக் கத்தி இருந்தது. நான் அறுக்கேல்லை." ஆரணி காப்புக் கையைத் தாய்க்கு நீட்டிக் காட்டினாள். "இதோட போனா எனக்குக் கை விறைச்சுப்போகும். இது இல்லாமப் போனா நீங்கள் வீட்டில இருந்து செத்துப்போவீங்கள். ரெண்டும் எனக்கு வேண்டாம். ஆனா எனக்கு அங்க போகோணும் அம்மா. அங்கதான் என்னை ஒருத்தரும் நீ எங்கயிருந்து வந்தனி எண்டு கேக்கிறேல்லை. உன்ர பட்டி சரியோ எண்டு மட்டும்தான் கேக்கினம்."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. இங்கே பிறந்த பிள்ளையிடம் யார் யார் அந்தக் கேள்வியைக் கேட்டார்களோ, அவள் எங்களுக்குச் சொன்னதே இல்லை.

 மலர் வீட்டில் இருந்து சேலைக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். கடைசியில் தையல்காரியின் கேள்வியைத்தான் கேட்டாள்.

"அந்தச் சட்டையை எனக்கு ஒருக்கா காட்டு."

"அது கிளப்பின்ர. அங்கதான் இருக்கு."

"அப்ப வாற ஞாயிறு நானும் வாறன்."

ஐயரை ஒரு சொல் கேட்போமா என்று நான் கேட்டேன். "அவர் பாப்பம் எண்டுவார். அதுக்குள்ள ஞாயிறு வந்திடும்," என்றாள்.

6

ஞாயிறு வந்தது. மலர் சேலைக்கு மேலே நீளக் குளிர்ச்சட்டை போட்டு, காலுறையோடு சப்பாத்துப் போட்டு, ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறைய மல்லிக் கோப்பியோடு ஏரிக்கரைக்கு வந்தாள். அதுவரை அந்தப் பக்கமே வராதவள்.

ஹைகே உலர் உடுப்பை ஒரு மரவாங்கில் விரித்துவிட்டார். மலர் அதை உட்பக்கம் திருப்பினாள். பொருத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தையலுக்கு மேலே பட்டை ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"நல்ல வேலை," என்று என்னிடம் சொன்னாள்.

பிறகு தன் கையையே மணிக்கட்டு ரப்பருக்குள்ளால் விட்டாள். வளையல் மாட்டிக்கொண்டது. ஹைகே ரப்பரை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க, கை வெளியே வந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மலர் கையின் வழியே விரலை மேலே மேலே ஓட்டினாள். முழங்கை தாண்டி, தோளுக்குக் கீழே நின்றாள்.

"பிள்ளை, கேள். இந்த இடத்தில இறுக்குமோ?"

"இல்லையாம் அம்மா. இங்க லூசாத்தான் இருக்கும். கையிலயும் கழுத்திலயும் மட்டும்தான் இறுக்கம்."

"அப்ப கையை நீட்டு."

ஹைகே சின்னக் கத்தியை எடுத்துக் கொடுத்தார். மலர் தலையாட்டிவிட்டாள். சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, காப்பின் முடிச்சுக்குள் நுழைத்து, இழையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தினாள். குளிர் காற்று. விரல் விறைத்திருக்கும். ஹைகே காற்றுக்கு மறைப்பாகத் தன் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து அந்த நான்கு பிள்ளைகளும் வந்து சுற்றி நின்றார்கள்.  முடிச்சு அவிழ்ந்தது. மலர் நூலை உள்ளங்கையில் வைத்து, ஏரியைப் பார்த்துக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. 

மேற்கையில் சுற்றினாள். எட்டவில்லை.

"துடுப்பு வலிச்சு வலிச்சுக் கை மொத்திச்சுப்போச்சு," என்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையின் கை.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மலர் தன் இடது கையை வாய்க்குக் கொண்டுபோனாள். தன் காப்பின் முடிச்சைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். வேறு ஒன்றுக்கும் தான் அவிழ்த்திராத நூல்.

"இஞ்சாருங்கோ, இந்த நுனியைப் பிடியுங்கோ."

பிடித்தேன். இரண்டு நூலையும் ஒன்றாக முடிந்தாள்.

"அம்மா, அப்ப உங்களுக்கு?"

"நான் என்ன தண்ணிக்குள்ளயே நிக்கிறன்?"

இப்போது எட்டியது. கட்டினாள். ஆரணி கம்பளி போட்டு, மேல் உடுப்புப் போட்டு, உலர் உடுப்பைப் பூட்டி, குந்திக் காற்றை விட்டு, தண்ணீரில் இறங்கி எழும்பி வந்தாள். ஹைகே தடவிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். மலர் நம்பவில்லை. "அது கரையில," என்றாள்.

வள்ளங்கள் போய்விட்டன. மலர் வாங்கில் உட்கார்ந்து போத்தலை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். அவர்கள் திரும்பி வரும்போது, மேடு ஒன்றுக்குப் பின்னாலிருந்து காற்று ஒரு வீச்சு வீசியது. எங்கள் கண் முன்னால், பிள்ளைகளின் ஐந்து வள்ளத்தில் ஒன்று அப்படியே புரண்டது. வள்ளத்தின் அடி தெரிந்தது. அது ஆரணியின் வள்ளம்.

மலர் என் கையைப் பிடித்த பிடி இப்போதும் நினைவிருக்கிறது. எனக்கு வாயில் அம்மாளாச்சி என்பது தவிர ஒன்றும் வரவில்லை.

தலை மேலே வந்தது. சிவப்புத் தொப்பி. ஹைகே தன் வள்ளத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து, புரண்டதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். ஆரணி பதில் சொன்னாள், அவசரமே இல்லை. வள்ளத்தின் பின்பக்கமாக வயிற்றில் ஏறி, ஊர்ந்து, கால்களை உள்ளே விட்டு உட்கார்ந்தாள். துடுப்பை உயர்த்தி எங்களுக்குக் காட்டினாள். நாங்கள் வெறும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றோம். கடலேரியில் மூன்று சேட்டோடு இருந்த அந்தப் பெடியனை நான் அப்போது நினைத்தேன்.

கரைக்கு வந்ததும் மலர் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. ஆரணி உலர் உடுப்பை இடுப்புவரை இறக்கினாள். மலர் ஒன்றும் கேளாமல் தன் கையைப் பிள்ளையின் கம்பளிச் சட்டைக் கைக்குள்ளால் விட்டாள். மணிக்கட்டு, முழங்கை, அதற்கு மேலே. காப்பைத் தொட்டு, அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காய்ஞ்சிருக்கு," என்றாள். பிறகு, "சூடாயிருக்கு."

மல்லிக் கோப்பியின் முதல் கோப்பையை ஹைகேக்குக் கொடுத்தாள்.

7

அந்த வருடம் முழுக்க மலரின் கை வெறுமையாக இருந்தது. கோயிலில் கேட்டவர்களுக்கு, பிள்ளையிடம் இருக்கு என்று சொன்னாள். இந்த வருடம் விரதம் தொடங்க முன்னமே ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு நூல் நீளமாக வேண்டும் என்று சொல்லிவைத்தாள். அதைத்தான் நீங்கள் மேலே வாசித்தீர்கள்.

ஆரணிக்கு இப்போது பதினேழு. இன்னும் கொஞ்ச நாளில் என் கையெழுத்தும் அவளுக்குத் தேவைப்படாது. கதவுக்குப் பின்னால் இன்னமும் ஜேர்மனில்தான் சிரிக்கிறாள். ஆனால் அதில் ஒரு குரல் ஹைகேயுடையது என்று இப்போது எனக்குத் தெரியும்.

இதை எழுதத் தொடங்கி ஒரு கிழமை ஆகிவிட்டது. நேற்று இந்த வருடத்து நனைகிற நாள். மலரும் வந்தாள். பிள்ளைகள் உடுத்து, குந்தி, காற்றை விட்டு, வரிசையில் நின்றார்கள். ஹைகே ஒவ்வொருவராகத் தொட்டு வந்தார். ஆரணியிடம் வந்ததும் கழுத்துப் பட்டியைச் சுற்றி விரலை ஓட்டினார். இடது மணிக்கட்டு, வலது மணிக்கட்டு. சிப்பு. அங்கியின் பட்டிகள். விசில். பிறகு அடுத்த பிள்ளைக்குப் போகாமல் நின்று, ஆரணியின் இடது மேற்கையில், உடுப்புக்கு மேலாக, இரண்டு விரலால் தட்டினார்.

"இருக்கா?" என்று தன் மொழியில் கேட்டார்.

ஆரணி வாய் திறக்க முன்னம், எனக்குப் பக்கத்தில் நின்ற மலர் கரையிலிருந்து, தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சத்தமாகச் சொன்னாள்:

"இருக்கு, இருக்கு. போகலாம்."